மாற்றிக் கொடுத்த எர்த்து

எல்லோரும் வண்டி ஓட வேண்டும் என்றுதான் ஜெபிப்பார்கள். நான் ஒரு வாரமாக ஒரு லாரி நடுவழியில் நின்று சாக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. லாரி பழுதாக வேண்டும், அதுவும் ஆபீசர் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்துப் பழுதாக வேண்டும் என்று சபை நடுவில் எப்படிச் சொல்வது? எனக்கும் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு ஆளுக்குத் தலையில் கோளாறு என்று பேச்சு இருந்தது.

அந்த ஆள் என் கணவர் ஜிஜோ. செல்லசாமி முதலாளியின் பழைய லாரியில் ஆரியங்கோட்டிலிருந்து ரப்பர் மரத்தடி ஏற்றி, பாறசாலைப் பக்கத்து மில்லுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. போன வாரம் ஓர் இறக்கத்தில் லாரி போய் ஒரு மதிலில் இடித்தது. மதிலோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு போன் பேசிக்கொண்டிருந்த மோகனன் என்பவருக்குக் கால் ஒடிந்தது.

ஜிஜோ சொல்வது இதுதான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டியில் கரண்ட் மொத்தமாகப் போய்விட்டது. இன்ஜின் நின்றது. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. ஹாரனை அமுக்கினால் சத்தமே இல்லை. பார்த்தவர்கள் சொல்வது வேறு. டிரைவர் கண்ணைத் திறந்துகொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான், ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை என்றார்கள். போலீஸ்காரர் வந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. உடையாமல் மிச்சமிருந்த ஒற்றை லைட்டும் எரிந்தது. ஹாரன் ஆரியங்கோடு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. அந்த ஹாரனை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரி. தலையெல்லாம் வயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. "டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வியாதியே இல்லை என்று சொல்ல முடியாது, சிலருக்கு அது வருகிற நேரத்தில் மட்டும்தான் தெரியும்" என்றார் டாக்டர். இதற்கு முன்னால் இப்படி ஆனது உண்டா என்று கேட்டார். ஜிஜோ வெள்ளை மனதோடு, இரண்டு தடவை உண்டு, ஒரு நிமிஷம் கழித்துத் தானே சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னது லாரியை. டாக்டர் எழுதிக்கொண்டது அவரை. வெளியே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாமாம். ஆள் விழமாட்டார், துடிக்கமாட்டார், கொஞ்ச நேரம் உள்ளே விளக்கு அணைந்த மாதிரி இருப்பாராம். அதனால் வண்டி ஓட்டக் கூடாது, கிணற்றில் தண்ணீர் கோரக் கூடாது, குளிமுறியில் கதவுக்குக் கொண்டி போடக் கூடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. எங்கள் பிள்ளைக்கு ஒன்றரை வயது. அப்பாவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுவாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை இடுப்பில் இறுக்கிக்கொள்வேன். ஜிஜோ அதைப் பார்த்துவிட்டு முற்றத்துப் பக்கம் போய்விடுவார்.

லாரியைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை ஒரு தடவை வந்தார். நல்ல மனுஷன்தான், கத்தவில்லை. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார், எல்லாம் வேலை செய்தது. "திங்கட்கிழமை காலையில இன்னொருக்க வாறேன். வண்டியில கேடு இருந்தா காட்டுங்க. இல்லேன்னா கேடு இல்லன்னுதான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேடு வண்டியில் இல்லையென்றால் அது ஜிஜோவின் தலையில். அப்படி எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும். அது போனால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் சோறு தின்கிற போதும் தூங்குகிற போதும் ஒரு மனுஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு இனி எத்தனை காலம் இருப்பது? எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று வெளியே சொல்லக்கூட முடியாத பயம்.

லாரி நின்றது பாறசாலையில் பொன்னையன் ஆசானின் ஒர்க்‌ஷாப்பில். லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். வாய் ஓயாது, கோபமும் ஓயாது. அவர் நாலு நாள் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். வயரையெல்லாம் பிடித்து ஆட்டினார், தண்ணீர் ஊற்றினார், இன்ஜினைச் சூடாக்கினார். டேஷ்போர்டில் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, சேலைக்குப் பேர்போன பாலராமபுரம் வரைக்கும் ஓட்டிப் போனார். ஜிஜோ பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு போனாராம். கரண்ட் போனால் அணைய வேண்டிய அது ஒரு தடவைகூட அணையவில்லை. சேலை எடுக்கப் போனவர்கள் மாதிரி சும்மா போய்விட்டு வந்தார்கள்.

"எனக்க தலையில ஒண்ணும் இல்ல லிஜா. எல்லாம் எனக்க கண்ணு முன்னால நடந்ததாக்கும். மோகனனுக்க சட்டை நெறம் வரைக்கும் எனக்கு ஓர்மை உண்டு. நான் ஹாரன் அடிச்சேன்." முதல் நாளிலிருந்து இதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வருகிற வழியில் மறுபடி அதே பேச்சை எடுத்தார். கடைசியில், "நான் ஹாரன் அடிச்சேன்னுதான் நினைக்கேன்" என்றார்.

அந்த 'நினைக்கேன்' முன்பு இல்லாதது. ஊர் சொன்னபோது அவர் நம்பவில்லை, டாக்டர் சொன்னபோது நம்பவில்லை. இப்போது தானே நம்பத் தொடங்கிவிட்டார். நான் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வரவில்லை. பொன்னையன் ஆசான் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"இனி என்ன செய்யணும் ஆசானே?" என்று கேட்டேன்.

"மக்கா, நான் ஒண்ணையும் விடல. பேட்டரிக்க முனை ரெண்டும் சுத்தம் பண்ணியாச்சு. சாவி போடுத சுவிட்சு புதுசு. ஃபியூஸ் பெட்டியில உள்ளத ஒவ்வொண்ணா கழத்தி மாட்டியாச்சு. எர்த்து முன்னமே மாத்தியாச்சு. இனி எனக்க தலையத்தான் கழத்திப் பாக்கணும்."

அந்த நாலு நாளும் பட்டறை வாசலில் வந்து நின்றதில் எர்த்து என்றால் என்ன என்று எனக்கும் தெரிந்திருந்தது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி. லாரியின் கேபின் ரப்பர் கட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கேபினிலிருந்து கீழே சேசிசுக்கு ஒரு தடித்த வயர் போகும். அது விட்டுப்போனால் கேபினில் உள்ளது எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிடும். இன்ஜினுக்கு டீசல் விடுகிற வால்வும் மூடிக்கொள்ளும்.

"எர்த்து யாரு மாத்தினது? நீங்களா?"

"நான் இல்ல. ஜிஜோதான் சொன்னான், மழைக்கு முன்ன மாத்தினதுன்னு. புது வயரை எதுக்குப் போட்டுக் குடையணும்?"

ஜிஜோ டயரில் சாய்ந்து நின்றிருந்தார். "அகிலேஷாக்கும். ஆரியங்கோட்டுல வயரிங் வேலை பாக்குத பையன். அவன் மாத்தியாச்சுன்னு சொன்னான்."

அகிலேஷை எனக்குத் தெரியும். என் சொந்த ஊரான ஒற்றசேகரமங்கலத்துக்காரன்தான். எங்கள் பக்கம் வீட்டில் மலையாளம்தான். நான் தமிழ் பேசத் தொடங்கியது இங்கே கட்டிக்கொண்டு வந்த பிறகு. "அவனுக்குத் தமிழ் வராதே. அவன் என்ன வார்த்தை சொன்னான்? அதே மாதிரி சொல்லுங்க."

"அதுல என்ன இருக்கு? 'எர்த்து ஞான் மாற்றிக் கொடுத்திட்டுண்டு அண்ணா'ன்னு சொன்னான்."

நான் பிள்ளையை இறக்கிவிட்டேன்.

கல்யாணம் முடிந்த புதிதில், ஜன்னலோரம் காற்று வரும் என்று, "இந்தக் கட்டிலை மாற்றணும்" என்று ஜிஜோவிடம் சொன்னேன். மறுநாள் மனுஷன் கடையில் போய்ப் புதுக் கட்டிலுக்கு விலை கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். நான் சொன்னது கட்டிலை இடம் நகர்த்த வேண்டும் என்று. இவர் காதில் விழுந்தது, இது போய் வேறு வர வேண்டும் என்று. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. புதிது போட்டாலும் மாற்றினதுதான், கழற்றி வேறு இடத்தில் வைத்தாலும் மாற்றினதுதான். மலையாளம் தெரியாத டிரைவராக இருந்தால், என்னடே செய்தாய் என்று அகிலேஷிடம் விளக்கமாகக் கேட்டிருப்பான். இவருக்கு இரண்டு பாஷையும் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை.

"அவன் புதுசு போட்டானா, இல்ல இடம் மாத்தினானா?"

ஜிஜோ போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பேசச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் மலையாளத்தில் கேட்டேன். அகிலேஷ் சாதாரணமாகச் சொன்னான்.

"அது துரும்பிச்சு போயில்லே சேச்சி. வேறொரு பிராக்கெட்டிலேக்கு மாற்றிக் கொடுத்து. பின்னே புதியது இடணும்னு அண்ணனோடு பறஞ்ஞிருந்நு."

பழைய போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது, அதே வயரைத் தற்காலிகமாக வேறு பிராக்கெட்டில் கட்டினேன், பிறகு புதிது போட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேனே என்கிறான். மாற்றியாயிற்று என்று கேட்டதோடு ஜிஜோ மிச்சத்தைக் காதில் வாங்கவில்லை. பொன்னையன் ஆசான் கட்டன்சாயாவை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டு ஒரு சாக்கை எடுத்துப்போட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். உள்ளிருந்து அகிலேஷின் குடும்பத்தையே வைதார். அப்புறம் தன்னையும் வைதுகொண்டார்.

சேறு மூடிக் கிடந்த இடத்தில் அந்த வயர் இருந்தது. பெயிண்ட் அடித்த பிராக்கெட்டின் மேலேயே போல்ட்டைப் போட்டு முடுக்கியிருந்தான். பெயிண்ட் உரிந்து மிளகளவு இடம்தான் இரும்போடு தொட்டுக்கொண்டிருந்தது. போல்ட்டும் இளகியிருந்தது. சமதரையில் தொடும். தடி ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பிரேக் மிதித்தால் கேபின் முன்னால் தள்ளும், அப்போது விட்டுப்போகும். வண்டி நின்றதும் கேபின் பழைய இடத்துக்கு வரும், மறுபடி தொட்டுக்கொள்ளும். போலீஸ்காரர் சாவியைத் திருப்பினால் ஏன் ஓடாது?

"எலே ஜிஜோ, மேல ஏறி ஹாரனை அமுக்கிட்டே இரு. கையை எடுக்காத." ஆசான் கம்பியை எடுத்தார்.

ஜிஜோ ஏறி அமுக்கினார். அது அலறியது. பிள்ளை பயந்து அழுதாள். ஆசான் கீழேயிருந்து கேபினைக் கம்பியால் நெம்பினார். சத்தம் நின்றது. பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜிஜோவின் உள்ளங்கை ஹாரனிலேயே இருந்தது, விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"கேக்குதா லிஜா?"

"ஒண்ணும் கேக்கல."

"நான் அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியுது" என்றேன். எனக்கு அழுகை வந்தது. ஒளிக்கவில்லை, அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆசான் வாயெல்லாம் பல்லாக அவரைக் கூட்டிப்போய் வயரைக் காட்டினார், கம்பியால் நெம்பியும் காட்டினார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து கைக்குட்டையால் கையைத் துடைத்தார்.

"ஆசானே, கம்பியிட்டு நெம்பினா எந்த வண்டியும் நிக்கும். வெள்ளியாழ்ச்ச நான் வந்தப்போ இது இல்ல. இன்னைக்கு இருக்கு. நான் என்ன விசுவாசிக்கணும்?"

வந்தது வியாழக்கிழமை. அதைத் திருத்தக்கூட யாருக்கும் தெம்பு இல்லை. கரை வரைக்கும் வந்து தோணி கவிழ்வது போல் இருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். "சார், நீங்க உள்ள இருங்க. ஓட்டிக் காட்டுவாரு. பொறகு எழுதுங்க" என்றேன். ஒரு ஆபீசரிடம் அப்படி உத்தரவு போடுகிற மாதிரி நான் பேசியதே இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கனாலுக்கு இறங்குகிற சரிவான பாதை ஒன்று உண்டு. ஆசான் கழற்றிப்போட்ட கியர் பெட்டி, பழைய ஆக்சில் எல்லாவற்றையும் பாரத்துக்காக லாரியில் ஏற்றினார்கள். ஜிஜோவை ஓட்ட விட இன்ஸ்பெக்டர் சம்மதிக்கவில்லை. ஆசான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், இன்ஸ்பெக்டர் பக்கத்தில். நானும் ஜிஜோவும் மேலே நின்று பார்த்தோம். லாரி இறங்கியது, பிரேக் பிடித்தது, கீழே போய் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

நாலு நாள் ஓடக் கூடாத இடத்திலெல்லாம் ஓடிய சனியன், இப்போதும் ஓடுகிறது. இன்ஸ்பெக்டர் இறங்கக் கதவைத் திறப்பது தெரிந்தது. ஜிஜோ சரிவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

"ஆசானே, நீங்க பிரேக்கைப் பதுக்கச் சவுட்டுதிய. வண்டிக்கு வலிக்கும்னு பாத்துச் சவுட்டுதிய. நான் சவுட்டினது அப்படி இல்ல. எனக்கு முன்னால ஒரு ஆளு நின்னாரு."

இன்ஸ்பெக்டர் மறுபடி கதவைச் சாத்தினார். லாரி பின்னோக்கி மேலே வந்தது.

இரண்டாம் முறை ஆசான் வேகமாக விட்டார். பாதிச் சரிவில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். பின்னால் இருந்த இரும்பெல்லாம் முன்னால் வந்து மோதியது. இன்ஜின் சத்தம் வெட்டுப்பட்ட மாதிரி நின்றது. லாரி சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு போயிற்று. இன்ஸ்பெக்டர் எட்டி ஹாரனை அமுக்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு விடாமல். ஒன்றும் கேட்கவில்லை. பாதையின் அடியில் நின்ற ஒரு தென்னை மரத்துக்குப் பக்கத்தில் வண்டி ஒருவழியாக நின்றது.

இறங்கி வந்த இன்ஸ்பெக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. "கேடு உண்டு" என்றார். ஜிஜோவின் தோளில் கையை வைத்தார். "மோகனனையும் அவருக்க வீட்டு ஆளுவளையும் நானே போய்க் கண்டு சொல்லுதேன்."

ஜிஜோ கனாலில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஆசான் புது வயர் வெட்டி, பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வைத்து முடுக்கினார். அதே சரிவில் போய் மிதித்து மிதித்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அணையவில்லை. வண்டியைத் தன் ஷெட்டில் கொண்டு விடும்படி செல்லசாமி முதலாளி போனில் சொன்னார். இன்ஸ்பெக்டரும், "நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்றார். ஜிஜோ சாவியை வாங்கும்போது, அந்த ஒரு வாரமும் நான் பார்க்காத என் பழைய ஜிஜோவாக இருந்தார்.

"ஏறு லிஜா. வீட்டு வழியாத்தானே போறேன்."

நான் பிள்ளையோடு ஏறினேன். ஏறாமல் இருக்க என்னிடம் காரணம் இல்லை. கேடு எங்கே என்று கண்டுபிடித்ததே என் காது. வண்டி ரோட்டில் ஏறியது. அவர் கியர் மாற்றினார், கண்ணாடியில் பார்த்தார், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை மூடித் திறக்கிறதா, எத்தனை நேரம் கழித்துத் திறக்கிறது என்று.

"எதுக்கு என்னையே பாக்குத? ரோட்டப் பாரு."

பார்த்தேன். ஒரு கலுங்குப் பாலம் தாண்டுகிற வரைக்கும்தான் முடிந்தது. என் கை பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தது, அவள் நெளிந்தாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வயர் புதிது, இன்ஸ்பெக்டரே எழுதிவிட்டார், எல்லாம் தெரியும். தெரிந்தும் என் கண் கேட்கவில்லை.

அடுத்த இறக்கம் வந்தபோது ஜிஜோ மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

"தா பாரு, பால் சொசைட்டி. தா, ஒரு ஆடு நிக்குது. தா, செவப்பு சட்டைக்காரன் சைக்கிள்ல போறான். தா, ரேஷன் கடை, பூட்டியிருக்கு."

வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கொஞ்சம் நிறுத்தினால்கூட அவருக்கே பயமாக இருந்த மாதிரி உடனே அடுத்ததைச் சொன்னார். பிள்ளைக்குக் காட்டுகிறார் என்று நினைத்து அவளும் 'தா, தா' என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே விளக்கு அணையவில்லை என்று அவர் யாருக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வீடு வருகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. போதும் என்று நானும் சொல்லவில்லை.